ஈ வளர்த்து டாக்டர் பட்டம்!

மும்பை கொலாபாவில், கடலோரமாக இருக்கிறது டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். ஹோமி பாபாவின் அழைப்பின் பேரில், 1962-ம் ஆண்டு அங்கே மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கியவர் ஒபைத் சித்திகி.

பின்னாளில் அவருடைய மாணவர்களுக்குப் பாடப்புத்தகம் ஆனது பழ ஈ! கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் அதே ஈதான். பத்தே நாளில் அதற்கு அடுத்த தலைமுறை வந்து விடும்.

கென்யாவில் பிறந்து அயர்லாந்தில் படித்த வெரோனிகா ரோட்ரிக்ஸ், சித்திகிக்குக் கடிதம் எழுதி, மாணவியாக வந்து சேர்ந்தார். சுவை அறியாத ஈக்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து, 1981-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு அவரும் பல மாணவர்களை உருவாக்கினார்.

குரு பரம்பரை

சித்திகியின் குரு, கிளாஸ்கோவில் இருந்த போன்டேகார்வோ. அவருடைய குரு முல்லர். முல்லரின் குரு மார்கன். முல்லரும் மார்கனும் நோபல் பரிசு பெற்றவர்கள்.

எந்தச் சோதனையை நம்புவது, எதைத் தள்ளுவது என்பதைப் புத்தகம் சொல்லித் தராது. குருவின் பக்கத்தில் நின்றே கற்க வேண்டும்.

"ஐந்தாறு வருடம் படித்தால் சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. தேசியத் தகுதித் தேர்வின் மூலம் இளநிலை ஆய்வாளராகத் தேர்வு பெறுவோரின் மாத உதவித்தொகை, 2023-ல் ரூ.37,000 ஆக உயர்த்தப்பட்டது.

ஆனால், பட்டம் வாங்கியதும் வேலை நிச்சயம் என்று சொல்வதற்கில்லை. ஆகவே, சேருமுன் ஒன்றை விசாரித்துக் கொள்வது நல்லது: அந்தப் பேராசிரியரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?