தவிட்டில் இருக்கிறது, மீனுக்குக் கிடைப்பதில்லை

ஆந்திரத்தில் கொல்லேறு ஏரியைச் சுற்றியுள்ள மீன்குளங்களில் வரிசையாகக் கழிகளை நட்டு, அவற்றில் தீவனப் பைகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பையின் அடிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள். உள்ளே எண்ணெய் எடுத்த அரிசித் தவிடு, கூடவே கொஞ்சம் பிண்ணாக்கு. ரோகு மீன்கள் பையை முட்டி முட்டி ஓட்டை வழியாகத் தீவனத்தை உறிஞ்சும்.

மீன்தூளோடு ஒப்பிட்டால் தவிடும் பிண்ணாக்கும் மலிவு. ஒரு கிலோ மீன்தூள் தயாரிக்க நான்கைந்து கிலோ பச்சை மீன் வேண்டும். கடல் மீனை அரைத்துக் குளத்து மீனுக்குப் போடும் அந்தச் செலவும் மிச்சம். ஆனால் தாவரத் தீவனத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. அதன் பெயர் பைட்டேட்.

விதை முளைக்கும்போது தேவைப்படும் பாஸ்பரஸைச் செடி பைட்டேட்டாகத்தான் சேமித்து வைக்கிறது. தானியங்களிலும் எண்ணெய் வித்துகளிலும் உள்ள பாஸ்பரஸில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்த வடிவில் இருக்கிறது. தவிட்டில் இன்னும் அதிகம். சாவிக்கொத்தில் ஆறு சாவிகள் கோத்திருப்பதுபோல, இனோசிடால் என்ற வளையத்தில் ஆறு பாஸ்பேட்டுகள் கோத்திருக்கும். அவற்றைக் கழற்றும் நொதி மீன் குடலில் போதிய அளவு சுரப்பதில்லை. அதனால் தின்ற பாஸ்பரஸில் பெரும்பகுதி கழிவோடு போய்விடுகிறது. போகும்போது துத்தநாகம், இரும்பு, கொஞ்சம் புரதம் ஆகியவற்றையும் பிடித்துக்கொண்டு போகிறது. கால்சியத்தையாவது மீன் செவுள் வழியே தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். பாஸ்பரஸுக்குத் தீவனத்தைத்தான் நம்பியிருக்கிறது. அது குறைந்தால் எலும்பு வலுவிழக்கும், உடல் கோணும், வளர்ச்சி குன்றும்.

இந்த இடத்தில்தான் பைட்டேஸ் என்ற நொதி உதவுகிறது. அது பாஸ்பேட்டுகளை வளையத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிவிடும். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சையின் நொதி 1991இல் நெதர்லாந்தில் பன்றி, கோழித் தீவனங்களுக்காக முதலில் விற்பனைக்கு வந்தது. மீன் தீவனத்தில் பொதுவாகக் கிலோவுக்கு 500 முதல் 2,000 அலகு வரை சேர்க்கிறார்கள். 37 டிகிரி வெப்பத்தில், 5.5 பி.எச். அமிலத்தன்மையில் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் பாஸ்பேட்டை விடுவிக்கும் நொதியின் அளவே ஓர் அலகு.

கவனிக்க வேண்டியது அந்த 5.5ஐத்தான். பன்றி வயிற்றில் அமிலம் சுரக்கிறது. ரோகுவுக்கும் கட்லாவுக்கும் இரைப்பையே கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. அங்கே அமிலம் இல்லாததால் பூஞ்சை நொதி முழு வேகத்தில் வேலை செய்யாது. மும்பை மத்திய மீன்வளக் கல்வி நிறுவன ஆய்வாளர்கள் ரோகு குஞ்சுகளின் தீவனத்தில் கிலோவுக்கு 500 அலகு பைட்டேஸோடு 3 சதவீதம் சிட்ரிக் அமிலத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்தபோது செரிமானமும் வளர்ச்சியும் மேம்பட்டன. குளிர்நீரில் வளரும் டிரவுட் மீனுக்குச் சிக்கல் வேறு: அதற்கு அமில வயிறு உண்டு, ஆனால் 10, 15 டிகிரித் தண்ணீரில் நொதி மந்தமாகிவிடும். நம் வெப்பமண்டலக் குளங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

நொதியும் ஒரு புரதம்தான், சூடு தாங்காது. மிதவைத் தீவனம் தயாரிக்கும் இயந்திரத்தில் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும். எனவே குருணை வெளியே வந்து ஆறிய பிறகு நொதிக் கரைசலைத் தெளித்து, மேலே எண்ணெய்ப் பூச்சு கொடுக்கிறார்கள். பையில் தவிடு கட்டுபவர் நொதித் தூளை அப்படியே கலந்தால் பாதி தண்ணீரில் கரைந்துவிடும். தவிட்டை முன்கூட்டியே லேசான அமில நீரில் நொதியோடு ஈரப்படுத்திச் சில மணி நேரம் வெதுவெதுப்பாக வைத்தால், தண்ணீரில் இறங்கும் முன்பே பைட்டேட் உடையத் தொடங்கிவிடும்.

நொதியைச் சேர்ப்பவர்கள் பலரும் செய்ய மறக்கும் வேலை ஒன்று உண்டு. தீவனத்தில் வழக்கமாகக் கலக்கும் டைகால்சியம் பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் உப்பின் அளவைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் தேவைக்கு மேல் கிடைத்த பாஸ்பரஸை மீன் சிறுநீரில் வெளியேற்றும். அது தண்ணீரில் கரைந்த நிலையில் வருவதால் பாசி உடனே எடுத்துக்கொண்டு பெருகும். நொதிக்குச் செலவழித்த பணம் குளத்தைப் பச்சையாக்கவே பயன்படும்.