பழவேற்காடு: மேப்புல சின்ன ஊர், படகுப் பாதையில பெரிய ஊர்!

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கி.மீ போனா பழவேற்காடு. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான்.

'சின்ன மீனவ ஊர்தானே'ன்னு நினைச்சிடாதீங்க. ரெண்டு படகுப் பாதைகள் சந்திச்ச இடம் இது. ஒண்ணு, கடல் வழி. 1613-ல டச்சுக்காரங்க இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, நம்ம ஊர்த் துணிகளைக் கப்பலேத்தினாங்க. இன்னொண்ணு, ஏரியைச் சென்னையோடு இணைச்ச பக்கிங்ஹாம் கால்வாய். லாரிகள் வர்றதுக்கு முன்னாடி விறகும் உப்பும் படகுல போன பாதை அது.

சரக்குப் படகுகள் நின்னுபோச்சு; மீன்பிடிப் படகுகள் நிக்கலை. அவங்களோட வாசல், ஏரி கடலோடு சேர்ற முகத்துவாரம். அலைகள் மணலைக் கொண்டுவந்து குவிச்சா அந்த வாசல் தூர்ந்துடும். படகு கடலுக்குப் போக முடியாது. கடல்நீரும் அதோட வர்ற இறால் குஞ்சுகளும் ஏரிக்குள்ள வர முடியாது. கடல்ல மீன் பிடிக்கிறவங்க, ஏரியில வலை வீசுறவங்க, ரெண்டு பேர் வீட்டு அடுப்பும் இந்த ஒரு வாயை நம்பித்தான் எரியுது. அதனாலதான் முகத்துவாரத்தைத் தூர்வாரணும்னு இந்த மக்கள் திரும்பத் திரும்பக் கேட்டாங்க.

வீக்கெண்டுக்குக் கிளம்புறீங்களா? எலும்புக்கூடு சிற்பங்கள் நிக்கிற டச்சுக் கல்லறையைப் பாருங்க. குளிர்காலம்னா பூநாரைகளையும் பார்க்கலாம். ஆனா, 'ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கண்ணே'ன்னு படகுக்காரரைக் கெஞ்சாதீங்க. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு இங்கே படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல இறந்தாங்க. அதுக்கப்புறம்தான் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. கரையில நின்னு பார்த்தாலே ஏரி அழகுதான்!