கரிசல்ல ஜாக்கி போடாதீங்க பாஸ்!

மதுரை - நெல்லை நாலு வழிச் சாலையில் தரையை உரசுற மாதிரி கார் போனா கெத்துதான். ஆனா ஸ்பிரிங்கை மாத்தி வண்டியை இறக்கினதும், பின் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும். பேரு கேம்பர். டயரின் உள் ஓரம் சீக்கிரமே மொட்டை! இதை நிமிர்த்தத்தான் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற அட்ஜஸ்டபிள் ஆர்ம்.

எல்லா காருக்கும் இது செட் ஆகாது. ஸ்விஃப்ட்டில் ரெண்டு பின் சக்கரத்தையும் ஒரே பீம் இணைக்குது. மாட்ட இடமே இல்லை. 2006-ல் இங்கே வந்த ஹோண்டா சிவிக் மாதிரி, பின் சக்கரங்கள் தனித்தனியா ஆடணும்.

வீட்டிலேயே மாட்டலாமா? ஸ்பேனர் பிடிச்சுப் பழகினவங்களுக்கு ஓகே. ஆனா கோவில்பட்டி பக்கம் முதல் வில்லன் மண்ணு! வெயிலில் பாளம் பாளமா வெடிக்கிற கரிசல், ஐப்பசி மழையில் ஊறி உப்பும். அதுல ஜாக்கி சத்தமில்லாம புதையும். கீழே படுத்திருப்பது நீங்க! காங்கிரீட் தரைக்குப் போங்க. ஜாக்கியை மட்டும் நம்பாம ஸ்டாண்டும் வைங்க. முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்க.

துருப்பிடிச்ச போல்ட்டுக்கு முதல் நாள் ராத்திரியே எண்ணெய் விடுங்க. பழைய ஆர்ம் நீளத்தை அளந்து, புதுசையும் முதலில் அதே அளவில் மாட்டுங்க.

பலரும் கோட்டை விடுறது புஷ் போல்ட்டில். சக்கரம் தொங்கும்போதே முறுக்கிட்டா, வண்டியை இறக்கினதும் உள்ளே ரப்பர் திருகிக்கிட்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். எடை சக்கரத்து மேல வந்த பிறகுதான் கடைசி டைட்!

அப்புறம் நேரா வீல் அலைன்மென்ட் கடை. கேம்பரை மாத்தினா டோவும் நகரும். அதனால முதலில் கேம்பர், அடுத்தது டோ.