வெட்சி: காட்டு மண் கேட்கும் செடி

பூங்கா ஓரத்திலும் வீட்டு வாசலிலும் கொத்துக் கொத்தாகச் சிவந்து நிற்கும் இட்லிப்பூதான் சங்கப் பாடல்கள் சொல்லும் வெட்சி. ஆநிரை கவரப் புறப்பட்ட வீரர்கள் சூடியது இதைத்தான். தென்னிந்தியக் காடுகளிலும் இலங்கையிலும் தானாகவே வளரும் புதர்ச்செடி. காப்பிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1753இல் லின்னேயஸ் இதற்கு இக்சோரா காக்சினியா என்று பெயரிட்டார்.

கொத்திலிருந்து ஒரு பூவைக் கிள்ளிப் பாருங்கள். நான்கு இதழ்களுக்குக் கீழே, மெல்லிய நீண்ட குழல். அதன் அடியில் தேன். நடுவிலுள்ள சூல்தண்டை உருவி, அதில் ஒட்டி வரும் துளியைப் பிள்ளைகள் சுவைப்பார்கள். நீளமான உறிஞ்சுகுழல் உள்ள வண்ணத்துப்பூச்சிக்கு அந்தத் தேன் எளிதில் எட்டும். மொட்டு விரியுமுன்பே மகரந்தப்பைகள் வெடித்துத் தூளைச் சூல்தண்டின் நுனியில் அப்பிவிடுகின்றன. விரிந்த பூவில் அந்த நுனி மூடியபடியே தூளை ஏந்தி நிற்கும். வந்த பூச்சிகள் அதை எடுத்துப் போனபின், நுனி இரண்டாகப் பிளந்து வேறு பூவின் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும்.

வளர்ப்பது எளிது. மழைக்காலத்தில், பென்சில் பருமனுள்ள அரைமுற்றிய குச்சியை மூன்று நான்கு கணுக்களோடு வெட்டி, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றினால் வேர் பிடிக்கும். வேர் பிடித்தபின் நல்ல வெயிலில் நடலாம். பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும். எனவே பூத்து ஓய்ந்ததும் நுனியை வெட்டிவிட்டால் பக்கக்கிளைகள் பெருகி, பூவும் பெருகும்.

பலரும் திணறுவது இலை மஞ்சளாகும்போதுதான். நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. இலைமக்கு நிறைந்த, சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணுக்குப் பழகிய செடி இது. உப்புக் கலந்த ஆழ்குழாய் நீரும், சிமென்ட் சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கினால், மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. உரத்தைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். ஆனால் அது தற்காலிகம்தான். சுவரை விட்டுத் தள்ளி நட்டு, தூரைச் சுற்றி இலைமக்கு போட்டு வருவதே நிலையான வழி.

கேரளத்தில் 'தெச்சி' என்று அழைக்கப்படும் இதன் பூவைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி, குழந்தைகளின் தோலுக்குத் தடவுவார்கள். வேரை வயிற்றுக்கடுப்புக்குக் கொடுப்பது நாட்டு வைத்திய வழக்கம். ரத்தம் கலந்து போனால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இராமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். நாற்றுப்பண்ணைகளில் மஞ்சள், இளஞ்சிவப்பு, குட்டை ரகங்கள் நிறையக் கிடைக்கின்றன. அவை அழகுக்குச் சரி. மருந்துக்கென்று வளர்ப்பவர்கள் நாட்டுச் சிவப்பு வெட்சியைக் கேட்டு வாங்குங்கள்.