கட்டைவிரலைப் பார்த்ததும் இதயத்தையும் பாருங்கள்

பெங்களூருவை அடுத்த ஆனேக்கல் வட்டத்தின் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில், ஓசூர் சாலையை ஒட்டி, 2000-இல் மருத்துவர் தேவி ஷெட்டி நாராயண ஹிருதயாலயா என்ற இதய மருத்துவமனையைத் தொடங்கினார். இதயத்தில் ஓட்டை என்று தெரிந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மொழி தெரியாத ஊர்களிலிருந்தும் பெற்றோர் அங்கே வருகிறார்கள். ஓட்டையை எக்கோ என்னும் மீயொலிப் பரிசோதனை காட்டிவிடும். அது ஏன் வந்தது? சில குழந்தைகளிடம் விடை கையிலேயே தெரிகிறது.

மேஸ்திரி மரபணு

1960-இல் லண்டன் மருத்துவர்கள் மேரி ஹோல்ட், சாமுவேல் ஓராம் இருவரும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். அதில் தலைமுறை தலைமுறையாக இதயத்தின் மேலறைச் சுவரில் ஓட்டை. கூடவே கட்டைவிரலில் குறை. ஹோல்ட்-ஓராம் என்றே பெயர் பெற்ற இந்நோய்க்குக் காரணம், 12-ஆம் குரோமோசோமில் உள்ள டிபிஎக்ஸ்-5 மரபணு என்பது 1997-இல் தெரியவந்தது.

இம்மரபணு தரும் புரதம் ஒரு படியெடுப்புக் காரணி. மேஸ்திரி செங்கல் சுமப்பதில்லை, எந்தச் சுவர் எப்போது எழ வேண்டும் என்று ஆள்களை ஏவுகிறார் அல்லவா? அப்படித்தான் இதுவும் டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டு மற்ற மரபணுக்களை முடுக்குகிறது. கேட்டா-4, என்கேஎக்ஸ்2-5 என்ற இரு காரணிகளோடு சேர்ந்து, கருவின் முதல் எட்டு வாரங்களுக்குள் இதய அறைகளுக்கு நடுவே சுவர் எழுப்புகிறது. கை முளைப்பதற்கும் இதே புரதம்தான் வேண்டும். காலுக்குப் பொறுப்பு டிபிஎக்ஸ்-4 என்னும் வேறொரு மரபணு. ஆகவே இந்நோயில் கால்கள் தப்பிவிடுகின்றன.

நம் எல்லோரிடமும் இம்மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று பழுதானால் புரதம் பாதியாகிறது. பாதி போதாது.

தாய்மேல் பழி வேண்டாம்

கிரகணத்தன்று வெளியே போனதால்தான் பிள்ளைக்குக் கை இப்படி என்று பிரசவித்தவளையே குத்திக்காட்டும் வீடுகள் இன்றும் உண்டு. இதைவிடக் கொடுமை வேறில்லை. அந்த நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை. சொந்தத்தில் கட்டியதும் இந்நோய்க்குக் காரணமல்ல. பழுது பெற்றோர் ஒருவரிடமிருந்து வரலாம். இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகவும் தோன்றலாம். நோய் வந்தவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது இறங்க 50 சதவீத வாய்ப்பு.

எதைக் கவனிப்பது?

கட்டைவிரல் இல்லாமலோ சிறுத்தோ இருக்கலாம். மற்ற விரல்களைப் போல மூன்று எலும்புகளோடு நீண்டும் இருக்கலாம். அப்படிப் பிறந்த குழந்தை நன்றாகப் பால் குடித்தாலும் ஈசிஜியும் எக்கோவும் எடுத்துவிட வேண்டும். சிலருக்கு மணிக்கட்டு எலும்பில் எக்ஸ்ரேக்கு மட்டுமே தெரியும் சிறு மாற்றம்தான் இருக்கும். எனவே பெற்றோர் கைகளையும் மருத்துவர் பார்ப்பது நல்லது.

ஓட்டையை அறுவை சிகிச்சையாலோ, தொடை ரத்தக்குழாய் வழியே செலுத்தும் கருவியாலோ மூடலாம். ஓட்டையே இல்லாதவர்களுக்கும் பின்னாளில் இதயத் துடிப்பு தடுமாறக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் ஈசிஜி அவசியம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிறவிக் குறைகளை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் பெற்றோர் முன்கூட்டியே மரபணு ஆலோசனை பெறலாம். கர்ப்பத்தின் 18 முதல் 22 வாரங்களில் கருவின் இதயத்தையும் எக்கோவில் பார்த்துக்கொள்ளலாம்.