எந்தக் கேபிளையும் நம்பாத முகவரி

ரவுட்டர் என்ற பெட்டிக்கு ஒரு ஐ.பி. முகவரி இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் முகவரி பெட்டிக்கு இல்லை, போர்ட்டுக்கு. நான்கு ரத வீதிகளைப் பார்த்து நான்கு வாசல் வைத்த கோயில்போல, ரவுட்டரின் ஒவ்வொரு போர்ட்டும் ஒரு தனி நெட்வொர்க்கைப் பார்த்திருக்கிறது. அந்தந்த நெட்வொர்க்கின் முகவரியே அந்தந்தப் போர்ட்டுக்கு.

சிக்கல் இங்கேதான். ஒரு போர்ட்டின் கேபிள் அறுந்தால், அந்த நெட்வொர்க்குக்கான பாதை ரவுட்டிங் அட்டவணையிலிருந்து நீங்கிவிடும். மற்ற மூன்று போர்ட்டுகளும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அறுந்துபோன போர்ட்டின் முகவரியை வைத்து ரவுட்டரைக் கண்காணித்துக்கொண்டிருந்தவருக்கு ரவுட்டரே செத்துப்போனதாகத் தெரியும். பழுது பார்க்க உள்ளே நுழையவும் முடியாது.

இதற்குத் தீர்வுதான் லூப்பேக். வன்பொருளே இல்லாத, மென்பொருளில் மட்டும் இருக்கிற போர்ட் அது. கேபிள் இல்லாததால் அறுவதற்கும் ஒன்றுமில்லை. நாமாக நிறுத்தினால் ஒழிய, ரவுட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை அது உயிரோடு இருக்கும். சிஸ்கோ ரவுட்டரில் 'இன்டர்ஃபேஸ் லூப்பேக் 0' என்று ஒரு வரி, முகவரிக்கு இன்னொரு வரி, அவ்வளவுதான். சாதாரண போர்ட்டை 'நோ ஷட்டவுன்' என்று எழுப்ப வேண்டும்; லூப்பேக் உருவான உடனேயே விழித்துக்கொள்ளும். மாஸ்க் 255.255.255.255, அதாவது /32. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் யாரும் இல்லை என்பதால் ஒரே ஒரு முகவரி போதும். இரண்டு ரவுட்டர்களை இணைக்கும் கேபிளுக்குக்கூட /30 என்று நான்கு முகவரிகளை ஒதுக்குவதே நெடுநாள் வழக்கம்.

நம் கணினிகளில் இருக்கும் 127.0.0.1-ஐ இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்கும் பெயர் லூப்பேக்தான். ஆனால் அது கணினி தனக்குத்தானே பேசிக்கொள்ளும் முகவரி. வெளியே போகவே போகாது. ரவுட்டரின் லூப்பேக்கோ எல்லாத் திசையிலிருந்தும் எட்டப்பட வேண்டியது. ஆகவே ஓ.எஸ்.பி.எஃப். போன்ற ஏற்பாட்டின் வழியே அதை மற்ற ரவுட்டர்களுக்கு அறிவித்தாக வேண்டும். அறிவிக்காத லூப்பேக்கால் யாருக்கும் பயனில்லை. ஓ.எஸ்.பி.எஃப்.பில் இன்னொரு வசதியும் உண்டு. ரவுட்டருக்கான அடையாள எண்ணை நாம் தராவிட்டால், சிஸ்கோ ரவுட்டர் லூப்பேக் முகவரிகளில் பெரியதைத் தன் அடையாளமாக எடுத்துக்கொள்ளும்.

லூப்பேக்கின் அருமை முழுதாகத் தெரிவது, ரவுட்டர்கள் இணையத்தின் பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் பி.ஜி.பி. என்ற ஏற்பாட்டில். ஒரே நிறுவனத்தின் இரண்டு ரவுட்டர்கள் இணையத்தின் பாதைகளைப் பரிமாறிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இன்று அந்தப் பட்டியல் ஒன்பது லட்சத்தைத் தாண்டியது. உரையாடலை ஒரு போர்ட்டின் முகவரியில் கட்டிவைத்தால், கேபிள் அறுந்ததும் உரையாடல் முறியும். பட்டியல் முழுவதையும் மறுபடி சொல்ல வேண்டும். லூப்பேக்குகளுக்கு இடையே கட்டினால், பாக்கெட்டுகள் வேறு பாதையில் சுற்றி வந்துவிடும், உரையாடல் முறியாது. இங்கே புதியவர்கள் அடிக்கடி தடுமாறுவது 'அப்டேட் சோர்ஸ்' கட்டளையில். அதைத் தராவிட்டால், பாக்கெட் எந்தப் போர்ட் வழியே வெளியேறுகிறதோ அதன் முகவரியையே அனுப்புநராக ரவுட்டர் எழுதிவிடும். எதிர்முனையோ லூப்பேக்கை எதிர்பார்த்துக் காத்திருக்கும். 'யாரோ அந்நியர்' என்று கதவைச் சாத்திவிடும்.

ஆனால் எந்த முகவரியும் பாதையைப் படைத்துவிடாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் பராமரிப்புப் பணியில் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, அதன் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க் முழுவதையும் துண்டித்தது. பொறியாளர்கள் நேரில் போய்த்தான் சரிசெய்ய முடிந்தது. பல மணி நேரம் ஆயிற்று. குறைந்தது ஒரு வழியாவது மிஞ்சியிருந்தால்தான் லூப்பேக்கை எட்ட முடியும். ஆகவே நெட்வொர்க்கை வரைகிறவர் முகவரித் திட்டத்தோடு தரையையும் பார்க்க வேண்டும். தாளில் தனித்தனிக் கோடுகளாகத் தெரியும் இரண்டு கேபிள்கள் ஒரே பள்ளத்தில் புதைந்திருந்தால், ஜே.சி.பி. ஒரு முறை இறங்கினாலே இரண்டும் போய்விடும்.