கதவைத் திறந்தவர்

என் குருத்துவ வாழ்வின் தொடக்க ஆண்டுகளில், சேலத்திற்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர்ப் பங்கில் பணியாற்றி வந்தேன். அப்போது தவக்காலத்து ஞாயிறு ஒன்றில் நாவல்களைக் கண்டித்து மறையுரை ஆற்றினேன். ஊரெங்கும் தறிச் சத்தம் ஓயாத இடம் அது. தார் சுற்றும் பெண்களின் மடியிலும், குச்சிக்கிழங்கு மாவு காயும் சேகோ ஆலைக் களத்தின் ஓரத்திலும், கோழிப்பண்ணைக் காவல் கொட்டகையிலும் அட்டை கிழிந்த மாத நாவல்களைக் கண்டு என் மனம் கசந்திருந்தது. காதல், பிரிவு, கண்ணீர், கடைசிப் பக்கத்தில் சேர்க்கை, இவற்றைத் தவிர அவற்றில் வேறென்ன உண்டு என்று கேட்டேன். விவிலியத்தைத் திறவாத கைகள் இவற்றை மட்டும் எவ்வாறு திறக்கின்றன என்றும் கேட்டேன். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்று வந்த இளைஞனுக்கு அவ்வாறு கேட்பதில் ஒரு நிறைவு இருந்தது. நான் கண்டித்த நூல்களில் ஒன்றையேனும் நான் படித்திருந்தேனா என்று அன்று எவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை சொல்ல முடியாமல் போயிருக்கும்.

அம்மறையுரையை முன்வரிசையில் அமர்ந்து கேட்ட ஒரு பெண்மணியைப் பற்றியே இங்குச் சொல்ல வந்தேன். ஆனால் அவர் கதையைச் சொல்லுமுன், பிற்காலத்தில் நான் படிக்க நேர்ந்த நாவல்களைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். அவரால்தான் அவற்றைப் படித்தேன்.

தமிழின் முதல் நாவலை எழுதியவர் ஒரு கத்தோலிக்கர் என்பதை நம் இல்லங்களில் எத்தனை பேர் அறிவர்? 1826-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்து, மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றிய சாமுவேல் வேதநாயகம் பிள்ளையே அவர். அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது. அது முழுக்க முழுக்க ஒரு குடும்பக் கதை. பிரதாபனும் ஞானாம்பாளும் உறவினர், ஒருவரையொருவர் விரும்புகின்றனர். மணமக்கள் எந்த வீட்டில் குடியிருப்பது என்பதில் பெற்றோரிடையே பிணக்கு எழுந்து, பேசிய திருமணம் முறிகின்றது. பின்னர் எப்படியோ அது கூடுகின்றது. மணமான பின்னும் இருவரும் பிரிந்துவிடுகின்றனர். ஆண் வேடத்தில் செல்லும் ஞானாம்பாளுக்கு ஓர் ஊரில் யானை மாலையிட, அவள் அரசனாக முடிசூடிக்கொண்டு, வேற்றிடத்தில் சிறைப்பட்டுக் கிடக்கும் கணவனை மீட்கின்றாள். பெண்கல்விக்காக நூல் எழுதியவர் அல்லவா? மீட்கும் பொறுப்பை மனைவியின் கையில் கொடுத்ததில் வியப்பில்லை. கதை நடுவே அறிவுரை சொல்லாமல் அவரால் இரண்டு பக்கம் நகர முடியவில்லை என்பது உண்மையே. ஆனால் அக்குற்றத்தை அவர்மீது சுமத்தும் தகுதி என் போன்ற மறையுரையாளர்களுக்குக் கிடையாது.

அன்று தொடங்கிய ஓட்டம் வற்றவில்லை. மருத்துவக் கல்லூரிக் கட்டணத்திற்காக ‘ஆனந்த விகட’னில் கதை எழுதத் தொடங்கிய திரிபுரசுந்தரி, ‘லட்சுமி’ என்னும் பெயரில் பெண்களின் பெருவிருப்பத்திற்குரிய எழுத்தாளரானார். மணமாகித் தென்னாப்பிரிக்கா சென்று பல ஆண்டு வாழ்ந்து திரும்பினார். ‘ஒரு காவிரியைப் போல’ என்னும் நாவலுக்கு 1984-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவருக்குப் பின் ரமணிசந்திரன் வந்தார். ‘ராணிமுத்து’, ‘மாலைமதி’ போன்ற மாத நாவல் இதழ்கள் இவ்வகைக் கதைகளைப் பேருந்து நிலையக் கடைகள் வரை கொண்டுசென்றன. இவற்றுள் பல ஒரே அச்சில் வார்த்தவை. தவறிய ஒருவர் மன்னிப்புக் கேட்பார், உடனே மன்னிப்புக் கிடைக்கும், எவருக்கும் எதுவும் செலவாவதில்லை. இந்த என் பழைய குறையை இன்றும் நான் முற்றிலும் கைவிடவில்லை.

ஆனால் மறுவாய்ப்பு என்பது எவ்வளவு விலையுயர்ந்தது என்று காட்டிய படைப்புகளும் தமிழில் உண்டு. 1966-இல் ‘ஆனந்த விகட’னில் ஜெயகாந்தன் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையை எழுதினார். மழை நாளில், பேருந்துக்காகக் காத்து நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறுகின்றாள். கெடுக்கப்பட்டு வீடு திரும்புகின்றாள். விதவையான தாய் முதலில் அலறுகின்றாள், அடிக்கின்றாள். அண்டை வீட்டார் கூடியதும் உண்மையை மறைத்துவிடுகின்றாள். பின்னர் மகளை உட்கார வைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டி, அவளுக்குக் களங்கமில்லை என்று தேற்றுகின்றாள். கதை அவ்வளவே. ஆயினும் ஒரு தாய் அவ்வாறு செய்யலாமா என்று பெரும் வாதம் எழுந்தது.

அதற்கு அவர் கட்டுரையில் மறுமொழி எழுதியதோடு நின்றிருந்தால் நாம் மறந்திருப்போம். அவரோ, அந்தத் தாய் தண்ணீர் ஊற்றாமல் தெருவே அறியக் கூச்சலிட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று ஒரு நாவலே எழுதினார். அதுவே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. 1977-இல் பீம்சிங்கின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. நாவலில் அப்பெண்ணின் பெயர் கங்கா. அண்ணன் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகின்றான். மாமனின் ஆதரவில் படித்து, வேலைக்குச் சென்று, கைநிறையச் சம்பாதிக்கின்றாள். ஆனால் அந்த ஒரு மாலைப்பொழுதிலிருந்து அவளால் வெளியேற முடியவில்லை. சிறுகதையில் ஒரு குடம் நீரில் முடிந்த துயரம், நாவலில் பல நூறு பக்கம் நீள்கின்றது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

இதே முயற்சி நம் ஊர்ப்பக்கத்திலும் நடந்திருக்கின்றது. நாமக்கல் அரசு கல்லூரியில் பேராசிரியராக இருந்த பெருமாள்முருகன் 2010-இல் ‘மாதொருபாகன்’ என்னும் நாவலை வெளியிட்டார். திருச்செங்கோட்டுப் பக்கத்து உழவர்களான காளியும் பொன்னாவும் மனமொத்த தம்பதியர். பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் குழந்தையில்லை. ஊராரின் ஏச்சு அவர்களை அரித்துத் தின்கின்றது. குழந்தை வேண்டி உறவினர் செய்யும் ஒரு சூழ்ச்சி, கணவனின் நெஞ்சில் மாறாத காயமாகின்றது. அச்சூழ்ச்சியை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. அதன் பொருட்டு நாவலுக்கு எதிர்ப்பு எழுந்ததும், 2015 சனவரியில் ஆசிரியர் எழுத்தையே துறப்பதாக அறிவித்ததும், 2016 சூலை 5-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்ததும், அதன்பின் அவர் மீண்டும் எழுத வந்ததும் நாடறிந்த செய்திகள். எழுதியவருக்கே ஒரு மறுவாய்ப்பு வாய்த்தது எனலாம்.

எனினும் நான் சொல்ல வந்தது வேறு. ‘மாதொருபாகன்’ காளியின் கதி இன்னதென்று சொல்லாமல் நின்றுவிடுகின்றது. 2014-இல் ஆசிரியர் அதற்கு ஒன்றல்ல, இரண்டு தொடர்ச்சிகளை எழுதினார். ‘ஆலவாய’னில் காளி இறந்துபோகின்றான், பொன்னா தனித்து நிற்கின்றாள். ‘அர்த்தநாரி’யில் காளி பிழைத்துக்கொள்கின்றான். பிழைத்ததால் எல்லாம் இனிதாயிற்றா? இல்லை. அவன் மனைவியோடு பேச மறுக்கின்றான். தான் செய்யாத குற்றத்திற்கு அவள் நாள்தோறும் தண்டனை பெறுகின்றாள். அந்த மௌனத்தைப் படித்தபோது, ‘இந்த மனிதனை எனக்குத் தெரியுமே!’ என்று என் வாய் தன்னையறியாமல் சொல்லிற்று.

ஆம், தெரியும். முன்வரிசைப் பெண்மணியின் கணவர் அவர். வடநாட்டுக்கு லாரி ஓட்டுபவர். மாதம் ஒருமுறை வீடு வருவார். அவர்களுடைய ஒரே மகள், கல்லூரி முதலாண்டில், வீட்டுக்குத் தெரியாமல் ஓர் இளைஞனோடு சென்றுவிட்டாள். சில மாதங்களில் அவன் அவளைக் கைவிட்டான் என்று ஊரில் பேச்சு வந்தது. தாய் என்னிடம் ஓடி வந்தார். “புள்ள திரும்பி வந்தா சேத்துக்கலாமுங்களா சாமி?” என்று கேட்டார். நான் நிதானமாக, குருவுக்குரிய குரலில், பொறுத்திருக்கச் சொன்னேன். கணவரின் கோபம் தணியட்டும், பெரியவர்களை வைத்துப் பேசுவோம், அதுவரை அவளை ஏதேனும் ஒரு விடுதியில் சேர்க்க ஏற்பாடு செய்யலாம் என்றேன். அன்று என் கண்ணுக்கு அது விவேகமாகவே தோன்றியது.

அவள் வந்ததோ ஒரு நள்ளிரவில். பெரியவர்களும் இல்லை, விடுதியும் இல்லை. தாய் கதவைத் திறந்து உள்ளே அழைத்துக்கொண்டார். மறுநாள் என்னிடம் வந்து, குற்றம் செய்தவர் போல் நின்று சொன்னார்: “நீங்க பொறுக்கச் சொன்னீங்க. நானும் பொறுக்கலாமுன்னுதான் இருந்தனுங்க. ஆனா முன்னாடி ஒரு கதை படிச்சனுங்க சாமி. அதுல அம்மாக்காரி கதவத் தொறக்கல. மிச்சப் புத்தகம் பூரா அழுதுக்கிட்டே கெடந்தா. எனக்கு அந்தப் பொழப்பு வேண்டாமுன்னு தொறந்துட்டனுங்க.”

எந்த நூல் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அட்டையே இல்லாத புத்தகமாம்.

அந்த அம்மாளிடம் அன்று என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. அவர் சென்ற பின் லூக்கா நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். எத்தனையோ முறை விளக்கம் சொன்ன உவமைதான். ஓடி வந்து தழுவும் தந்தையைப் பற்றியே எப்போதும் பேசியிருக்கிறேன். வெளியே நின்றுகொண்டு உள்ளே வர மறுக்கும் மூத்த மகன் இறுதியில் உள்ளே வந்தானா இல்லையா என்பதை ஆண்டவர் சொல்லவே இல்லை என்பது அன்றுதான் என் கண்ணில் பட்டது. கதை வாசற்படியிலேயே நின்றுவிடுகின்றது.

இங்கே வெளியே நின்றவர் தந்தை. மகள் வீட்டிலிருப்பதை அறிந்ததும் அவர் சண்டையிடவில்லை, கை ஓங்கவில்லை. வீட்டுக்கு வரும் நாட்களில் லாரியிலேயே படுத்துக்கொண்டார். மனைவி சோறு கொண்டுசென்றால் உண்பார். மகள் கொண்டுவந்தால் தட்டைத் தொடாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவார். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு, இப்படியே. நானும் இருமுறை லாரிப் பட்டறைக்கே தேடிச் சென்று பேசினேன். மரியாதையோடு தேநீர் வாங்கிக் கொடுத்தார், வேறு பேச்சில்லை. இதற்கிடையில் மகள் மீண்டும் கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தாள். தாய் இரவில் பக்கத்துத் தறிக்கூடத்தில் கூடுதல் வேலை செய்து கட்டணம் கட்டினார். கதைகளில் இந்தக் கட்டணத்தைப் பற்றி எழுத மறந்துவிடுகிறார்கள்.

அக்காலத்தில்தான் அந்த அம்மாளிடமிருந்து ஒவ்வொன்றாக நாவல்களை இரவல் வாங்கத் தொடங்கினேன். செய்தித்தாளில் சுற்றிப் பீடச்சிறுவன் ஒருவனிடம் கொடுத்தனுப்புவார். மறையுரை மேடையிலிருந்து ஒருமுறை சொன்னதைத் திரும்பப் பெறுவது எளிதன்று; ஆகையால் அவற்றைக் கதவைத் தாழிட்டுக்கொண்டே படித்தேன்.

ஒரு நாள் விடியற்காலை, திருப்பலிக்கு மணி அடிக்குமுன்பே, அவர் மணிக்கூண்டின் அடியில் நின்றிருந்தார். முந்தைய இரவு கணவர் வீட்டுக்குள் வந்து திண்ணையைக் கடந்து உட்கார்ந்தாராம். உள்ளே நின்ற மகளைப் பார்த்து, “கண்ணு, சோறு போடு” என்றாராம். அதற்குமேல் எதுவும் பேசவில்லையாம். தட்டை வைக்கும்போது பிள்ளையின் கை நடுங்கிற்றாம்.

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, சென்ற மாதம் கொடுத்தனுப்பிய புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டேனா, பக்கத்து வீட்டுப் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றார்.

பாதிதான் ஆகியிருக்கிறது என்றேன்.